பானை சூடாகத்தான் இருந்தது: மறுநாள் மச்ச விருந்தும் ஒரு கிடாரம் ஆட்டிறைச்சிக் கறியும்

சனிக்கிழமை மண்டபத்தில் கலியாணம், சைவச் சாப்பாடு. ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளை வீட்டில் மச்ச விருந்து. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிராமம் ஒன்று. வந்தவர்கள் 140 பேரளவில். ஞாயிறு இரவு ஏழரைக்கு முதலாவது ஆளுக்கு வயிற்றைப் பிடித்தது. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வீட்டுக்கு வீடு கழிவறை லைற் எரிந்தது. திங்கள் விடியற்காலை பிரதேச வைத்தியசாலைக்கு ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள்.

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. நம்மூர் விருந்துகளில் இந்த வகை நஞ்சாதல் எப்படி உருவாகிறது என்று காட்ட அமைத்த மாதிரி நிகழ்வு. ஆட்களின் தொகை, நேரங்கள், ஆய்வுகூட முடிவு, பானைச் சோதனையின் அளவுகள் எல்லாம் அதற்காக வைத்துக்கொண்டவை. கிருமியின் இயல்பும் பாதுகாப்பு வெப்பநிலைகளும் செய்முறைகளும் உள்ளபடியே தரப்படுகின்றன.

முதல் இரவில் கிளம்பிய சந்தேகங்கள்

ஐஸ்கிறீம் கரைந்து மறுபடி உறைந்தது என்றார் ஒருவர். கோழி பழசு என்றார் இன்னொருவர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கிணற்றுத் தண்ணி ஒத்துவரவில்லை என்பது மூன்றாவது. நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டதும் நடந்தது. ஆட்டிறைச்சியை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அது ருசியாக இருந்தது, மணம் மாறவில்லை, தடிப்பான எண்ணெய் மிதந்தது. உணவு நஞ்சாகும்போது ருசியும் மணமும் காட்டிக் கொடுக்கும் என்று நம்புவதுதான் இந்த விடயத்தில் மிகப் பெரிய பிழை. உணவைப் புளிக்க வைப்பதும் நாறவைப்பதும் ஒரு கூட்டம். ஆளைப் படுக்க வைப்பது பெரும்பாலும் வேறு கூட்டம்.

உணவு நஞ்சாதல் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்த உடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் படிவத்தை நிரப்பிச் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். இங்கே திங்கள் பத்து மணிக்கு வந்தார்.

மணிக்கூடு சொன்ன துப்பு

பரிசோதகர் முதலில் குறித்தது மூன்றே விடயங்கள்: சாப்பிட்ட நேரம், வருத்தம் தொடங்கிய நேரம், முதலில் வந்தது சத்தியா வயிற்றோட்டமா. பலர் ஒரு மணியளவில் சாப்பிட்டவர்கள். வருத்தம் தொடங்கியது 7 மணித்தியாலம் முதல் 17 மணித்தியாலம் வரையில். நேர வரிசையில் நடு ஆளுக்குப் பத்தரை மணித்தியாலம். எல்லோருக்கும் வயிற்றுக் குத்தும் தண்ணிபோல் வயிற்றோட்டமும். 64 நோயாளரில் சத்தி எடுத்தவர்கள் ஆறு பேர், காய்ச்சல் கண்டவர்கள் இரண்டு பேர். திங்கள் மாலைக்குள் பெரும்பாலானோர் எழும்பி நடந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்தாலே ஆய்வுகூடத்துக்கு முன்னரே பட்டியல் சுருங்கிவிடும். சமையல்காரரின் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்ரபிலோகொக்கஸ் நச்சு என்றால் 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள் கடும் சத்தி வந்திருக்கும். ஆறப்போட்ட சோற்றில் பசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் சத்தி நச்சும் அதே வேகம். சூரை போன்ற மீன் வெயிலில் கிடந்து ஹிஸ்ரமின் என்னும் நச்சு ஊறியிருந்தால் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து உடம்பு கடித்திருக்கும். முட்டை, கோழி வழியாக வரும் சல்மொனெல்லா 6 முதல் 72 மணித்தியாலம் வரை எடுக்கும், ஆனால் காய்ச்சல் இல்லாமல் இத்தனை பேரை விட்டிருக்காது. சத்தியும் காய்ச்சலும் குறைவு, 8 முதல் 12 மணித்தியாலத்தில் குத்தும் வயிற்றோட்டமும், ஒரு நாளில் சுகம்: இது கிளொஸ்ட்ரீடியம் பேர்பிறிஞ்சென்ஸ் என்னும் கிருமி விட்டுப்போகும் அடையாளம். பசிலஸ் சீரியஸின் வயிற்றோட்ட வகையும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்பதால் அதை முழுதாக ஒதுக்க முடியாது. இரண்டுக்கும் குற்றம் நடக்கும் இடம் ஒன்றுதான்: பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறிய சமைத்த உணவு.

"குழம்பு மட்டும் விட்டனான்"

வருத்தம் வந்தவர்களிடம் மட்டும் விசாரித்தால் எல்லாரும் எல்லாம் தின்றிருப்பார்கள், ஒன்றும் தெளியாது. வருத்தம் வராதவர்களையும் கேட்க வேண்டும். "என்ன சாப்பிட்டீங்கள்?" என்றும் கேட்கக்கூடாது. சமைத்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, எடுத்தீர்களா இல்லையா என்று கேட்க வேண்டும். 112 பேரைப் பிடிக்க முடிந்தது. ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்ட 84 பேரில் 61 பேருக்கு வருத்தம், அதாவது நூற்றுக்கு 73. சாப்பிடாத 28 பேரில் மூவருக்கு மட்டும், நூற்றுக்கு 11. ஏறத்தாழ ஏழு மடங்கு வித்தியாசம். கோழிக்கறி தின்ற 70 பேரில் 40, தின்னாத 42 பேரில் 24: இரண்டு பக்கமும் நூற்றுக்கு 57, வித்தியாசமே இல்லை. ஐஸ்கிறீமும் அப்படியே தப்பியது. தண்ணி பிழை என்றால் விருந்துக்கு வராமல் அதே கிணற்றில் குடித்த அயலவர்களுக்கும் வந்திருக்கும், ஒரே இரவோடு நின்றுமிராது.

அந்த மூன்று பேர்தான் உறுத்தினார்கள். பரிசோதகர் திரும்பப் போனார்.

"அம்மா, ஆட்டிறைச்சி எடுக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் தம்பி, பல்லுக்கு ஏலாது. இறைச்சி தொடேல்லை. குழம்பு மட்டும் சோத்துக்கு விட்டனான்."

மற்ற இருவரில் ஒருவர் கத்தரிக்காய்ப் பால்கறி எடுத்தவர். பந்தியின் பின்பாதியில் ஆட்டிறைச்சிக்குப் போட்ட அகப்பை அங்கேயும் போனது. மூன்றாவது ஆள் பிடிபடவில்லை. களத்தில் எல்லாக் கணக்கும் சரிவருவதில்லை. எல்லாம் சரிவந்தால்தான் யாரோ திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கிடாரத்துக்குள் நடந்தது

கலியாண நாளில் வீடு சைவம் என்பதால் இறைச்சி பக்கத்து உறவினர் வீட்டு வளவில் சமைத்தது. இரண்டு கிடாய், எலும்போடு 30 கிலோ அளவில். மண்டபத்து வேலை முடிந்து வந்த சமையல்காரர் சனி மாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி இரவு எட்டுக்கு இறக்கினார். நன்றாக வெந்தது; அதில் குறையில்லை. ஞாயிறு காலை அவருக்கு வேறு வீட்டு வேலை இருந்தது, அதனால்தான் முதல் நாள் இரவே சமையல். அலுமினியக் கிடாரம், 40 லீற்றர் கறி, ஆழம் 40 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. நாய் பூனை தொடாமல் மூடி போட்டு, மேலே சாக்கு, அதன்மேல் கல். ஞாயிறு பதினொன்றரைக்கு மூடி திறந்தபோது பானை கைக்குச் சூடாக இருந்தது. "சூடு ஆறவே இல்லை, எப்படிப் பழுதாகும்?" என்றார் சமையல்காரர்.

ஆறாததுதான் வினை.

பேர்பிறிஞ்சென்ஸ் மண்ணிலும் விலங்குகளின் குடலிலும் உள்ள பற்றீரியா. ஆகவே இறைச்சியிலும், காய்ந்த மிளகு மல்லியிலும் அதன் வித்திகள் (தடித்த ஓட்டுக்குள் உறங்கும் நிலை) வரும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது. சாதாரண உயிரணு கொதிநிலையில் செத்துப்போகும். வித்தி சாகாது, சில இனங்களின் வித்திகள் 100 பாகையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் தாங்கும். சமையல் இரண்டு உதவி செய்துவிடுகிறது. போட்டிக்கு நின்ற மற்றக் கிருமிகளைக் கொல்கிறது. அந்தச் சூடே வித்தியைத் தட்டி எழுப்புகிறது. இதற்கு ஒட்சிசன் ஆகாது. கொதித்த குழம்பில் ஒட்சிசன் வெளியேறிவிடும், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படை திரும்ப உள்ளே விடாது. நம்மூர் இறைச்சிக் கறியைப்போல் அதற்கு வாய்ப்பான இடம் குறைவு.

உணவு கிடக்கக் கூடாத வெப்பநிலை 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை என்பது பொது விதி. இந்தக் கிருமி பெருகுவது ஏறத்தாழ 12 முதல் 52 பாகைக்குள். மிக விரும்புவது 43 முதல் 46. அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, சில வேளை அதற்கும் முன், இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மணித்தியாலத்துக்கு ஆறு இரட்டிப்பு, மூன்று மணித்தியாலத்தில் பதினெட்டு. ஒரு கிராமில் பத்து உயிரணு இருந்தால் மூன்று மணித்தியாலத்தில் 26 இலட்சம். ஆளைச் சாய்க்க, உயிரோடு பத்து இலட்சத்துக்கும் மேல் விழுங்க வேண்டும். குடலுக்குள் போய் அவை மறுபடி வித்தியாகும்போதுதான் நச்சு வெளியாகிறது. பத்து மணித்தியாலத் தாமதத்துக்குக் காரணம் அதுவே.

சனி இரவு யாரும் வெப்பமானி வைக்கவில்லை. ஆனால் பிறகும் அறிய வழி உண்டு. அதே கிடாரத்தை அதே அளவு கொதிநீரால் நிரப்பி, அதே மூடி, அதே சாக்கு, அதே நேரம். மணிக்கு ஒருமுறை நடுவில் கம்பி வெப்பமானியை விட்டுக் குறித்தால் ஆறும் கோடு கிடைக்கும். இங்கே அது இப்படி வந்தது: இரவு 8 மணிக்கு 95, அதிகாலை 4 மணிக்கு 52, காலை பதினொன்றரைக்கு 38. கிருமிக்கு ஏற்ற சூட்டில் ஏழரை மணித்தியாலம். கறி தண்ணியைவிடத் தடிப்பு. நடுப்பகுதி இன்னும் மெல்லத்தான் ஆறியிருக்கும்.

பிறகு சூடாக்கினார்கள்தானே? ஆக்கினார்கள், அரைகுறையாக. தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கறி அடிப்பிடிக்கும் என்று தீயைக் குறைத்து, கிண்டாமல், ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கினார்கள். ஓரம் கொதிக்கும்போது நடு 50 பாகையில் நிற்கலாம். உயிரணுக்களைக் கொல்ல நடுவும் 75 பாகையைத் தொட வேண்டும். தொட்டிருந்தால் ஞாயிறு இரவு எல்லாரும் நித்திரை கொண்டிருப்பார்கள். எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது: ஸ்ரபிலோகொக்கஸ் நச்சும் பசிலஸின் சத்தி நச்சும் உணவிலேயே ஊறிவிடும், கொதிக்க வைத்தாலும் அழியாது. ஹிஸ்ரமினும் அப்படியே. மறுபடி சூடாக்குவதை மன்னிப்பாக எண்ணக்கூடாது.

இருபது வருடம் சமைத்த ஆள், இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே என்பது நியாயமான கேள்வி. அம்மாமார் இரவும் காலையும் கறிச்சட்டியைச் சூடுகாட்டி வைப்பார்கள். மூன்று லீற்றர் மண்சட்டி முழுதாகக் கொதிக்கும், கிளம்பிய உயிரணு ஒவ்வொரு தரமும் சாகும். அதே பழக்கம் 40 லீற்றர் கிடாரத்துக்கு வரும்போது பெயரளவில்தான் நிற்கிறது. பழஞ்சோற்றை உதாரணம் காட்டுபவர்களும் உண்டு. அதில் குளிர்ந்த தண்ணி ஊற்றுவதால் சோறு உடனே ஆறுகிறது, புளிப்பு ஏறி மற்றக் கிருமிகளை அடக்குகிறது. அதுவும் முழு உத்தரவாதம் அல்ல. ஆனால் மூடி வைத்த கறிக்கு அந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை.

மாதிரி கிடைத்த விதம்

மிஞ்சிய கறியைத் திங்கள் காலையே குழி தோண்டி மூடிவிட்டார்கள். வழக்கமாக விசாரணை இங்கேதான் சாகும். தப்ப வைத்தது ஒரு தூக்குச்சட்டி: பக்கத்து வீட்டு அம்மா ஞாயிறு மூன்று மணிக்குக் கொண்டுபோய் பிரிட்ஜில் வைத்தது. திங்கள் விரதம் என்பதால் தொடவில்லை. பரிசோதகர் அதில் 200 கிராம் அளவைக் கொதிநீரில் முக்கிய கரண்டியால் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் சூழ வைத்து அனுப்பினார். உறைய விடக்கூடாது, உறைந்தால் இந்தக் கிருமியின் உயிரணுக்கள் பெருமளவு செத்து, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்துவிடும். உணவில் கிராமுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் இருந்தால் குற்றம் நிறுவப்படும். இங்கே வந்தது இருபது இலட்சம். நோயாளர் மலத்தில் கிராமுக்குப் பத்து இலட்சம் வித்தி என்பது மற்றைய அளவுகோல், ஆனால் முதல் இரண்டு நாளுக்குள் எடுக்க வேண்டும். ஆட்கள் ஒரு நாளில் சுகமாகிவிடுவதால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

முதல் தெரிவு, முதல் நாள் சமைக்காமல் விடுவது. இரவே இறைச்சியை வெட்டி, ஐந்து பாகைக்குக் கீழே வைத்து, ஞாயிறு அதிகாலை அடுப்பு மூட்டிப் பத்தரைக்கு இறக்கினால், பன்னிரண்டரைப் பந்திக்குள் கறி 60 பாகைக்குக் கீழே இறங்காது. 40 லீற்றரின் பருமன் இங்கே நமக்கு உதவியாகத் திரும்புகிறது. பந்தி நீளும்போது அடுப்புத் தணலில் வைத்துப் பத்து லீற்றர் சட்டிகளில் எடுத்து எடுத்துப் பரிமாறலாம். சமையல்காரருக்கு ஞாயிறு வேறு வேலை என்றால், விலை பேசும்போதே அதைத் தீர்க்க வேண்டும். எங்கள் அபிப்பிராயத்தில் இந்த நிகழ்வின் உண்மையான பிழை நடந்தது அந்தப் பேச்சில்தான், கிடாரத்தில் அல்ல.

இரவே சமைக்கத்தான் வேண்டும் என்றால் ஆற்ற வேண்டும், ஆறவிடக் கூடாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு: 60 பாகையிலிருந்து 21க்கு இரண்டு மணித்தியாலத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணித்தியாலத்துக்குள். குளிர்நாட்டில் வெளிக்காற்று கொஞ்சம் கைகொடுக்கும். இங்கே வெக்கை மாதங்களில் இரவுக் காற்றே 26, 27 பாகை. எத்தனை மின்விசிறி வைத்தாலும் கறி காற்றுக்குக் கீழே இறங்காது. யாழ்ப்பாணத்தில் ஐஸ் இல்லாமல் கறி ஆற்ற முடியாது என்பதை விதியாகவே எழுதிக்கொள்ளலாம்.

எவ்வளவு ஐஸ்? 40 லீற்றரை 60லிருந்து 21க்கு இறக்க, நட்டம் எதுவும் இல்லாவிட்டால் 17 கிலோ. வெளியே கரைந்து போவதையும் சேர்த்தால் 30 கிலோ வாங்க வேண்டும். மீன் ஏற்றுமிடங்களில் கட்டி ஐஸ் கிடைக்கும். அது பாத்திரத்துக்கு வெளியே மட்டும், கறிக்குள் ஒரு துண்டும் போகக்கூடாது. இறைச்சியைக் குழம்பிலிருந்து அரித்து எடுத்து, இரண்டையும் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேற்படாமல் எவர்சில்வர் தட்டங்களில் பரப்ப வேண்டும். ஆழம் பாதியானால் ஆறும் நேரம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ வரும். தட்டங்களை ஐஸ் தண்ணித் தொட்டியில் மிதக்க விட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிண்ட வேண்டும். சூடு போகும்வரை மூடி போடக்கூடாது, வலை போடலாம்.

வீட்டுப் பிரிட்ஜை நம்பிக் கிடாரத்தை உள்ளே தள்ளுவது வீண். அது வெளியேற்றும் வெப்பத்தை 100 வாற்று என்று வைத்தால், 40 லீற்றரை 60லிருந்து 5க்கு இறக்க 24 மணித்தியாலம் எடுக்கும். அதற்குள் உள்ளே இருக்கும் பாலும் சேர்ந்து பழுதாகும். ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்கத்தான் அது.

மறுநாள் எட்டு அல்லது பத்து லீற்றர் சட்டிகளாகப் பிரித்து, அடிவரை கிண்டி, நடுவில் 75 பாகை காணும்வரை கொதிக்க வைத்து, ஒரே தரம் சூடாக்கிப் பரிமாற வேண்டும். மிஞ்சியதை மறுபடி ஆற்றிச் சேமிக்கக் கூடாது. விருந்தாளிகளுக்குப் பார்சல் கட்டுவதும் இதில் அடங்கும். ஐந்து மணிக்குத் தின்னப்போகிற பார்சலை மூன்று மணிக்கு லஞ்ச் சீற்றில் கட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டால், வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு வேண்டிய கருவி ஒன்றே: கம்பி வைத்த டிஜிற்றல் வெப்பமானி. வாங்கியதும் நொறுக்கிய ஐஸும் கொஞ்சத் தண்ணியும் கலந்த கோப்பையில் 0 காட்டுகிறதா, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதும் நடுவில், எலும்பில் முட்டாமல். ஒவ்வொரு பானைக்கும் இடையில் கம்பியைக் கொதிநீரில் துடைக்க வேண்டும்.

வருத்தம் வந்தவர்களுக்கு

ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாக. அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இந்த வகைக்கு அன்ரிபயோற்றிக் தேவைப்படுவதில்லை. வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைத் தாங்களாக வாங்கிப் போடாமல் இருப்பது நல்லது. குழந்தைகள், வயோதிபர், கர்ப்பிணிகள், நீரிழிவோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீர் குறைதல், எழும்பினால் தலைசுற்றல், மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல் இருந்தால் மற்றவர்களும் போக வேண்டும்.

அடுத்த விருந்துக்கு

அதே வீட்டில் இரண்டு மாதம் கழித்துப் பிறந்தநாள் ஒன்று. சமையல்காரர் அதே ஆள். அவரை மாற்ற வீட்டுக்காரர் யோசித்தார்கள், பரிசோதகர் வேண்டாம் என்றார். ஒருதரம் அடிபட்டவர் புதிதாய் வருபவரைவிடக் கவனமாக இருப்பார். இறைச்சி அன்று அதிகாலை வந்தது. பத்தேமுக்காலுக்குக் கறி இறங்கியது. பந்தி தொடங்கியபோது நடுவில் 71 பாகை, கடைசிப் பந்திக்கு 63. ஒவ்வொரு கறியிலும் 200 கிராம் கொதிநீரில் முக்கிய போத்தலில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதிப் பிரிட்ஜின் பின்தட்டில் வைத்தார்கள். மூன்று நாள் கழித்து, வியாழன் மத்தியானம், யாரும் கேட்காத அந்த ஆறு போத்தலும் தென்னைமரத்தடிக் குழிக்குப் போயின.